ருது தெரியாமல் சங்கல்பமா?

(உறுப்பினர்களின் குடும்ப சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"குழந்தைகளும் நம் பண்பாடும்" என்று பேசச் சொன்னார்கள். சுலோகம், சங்கீதம், சம்ஸ்கிருதம் பற்றியெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டு வெளியே போவது. மே மாத விடுமுறையில் மட்டும் அல்ல, வருஷம் முழுவதும், எல்லா ருதுக்களிலும். இதற்கும் பண்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். எனக்கும் அந்தச் சம்பந்தத்தை என் பேரன்தான் காட்டிக்கொடுத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு உபநயனம் ஆயிற்று. அந்த வருஷம் ஆவணி அவிட்டத்துக்கு பெங்களூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தோம். இரண்டாவது மாடி. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னல்களுக்குத் திரை. சாஸ்திரிகள் சங்கல்பம் சொன்னார், நாங்கள் திருப்பிச் சொன்னோம். வர்ஷ ருது என்று வந்தது. அதையும் சொன்னோம். சாப்பிடும்போது பையன் மெதுவாகக் கேட்டான்: "தாத்தா, வர்ஷ ருதுன்னா மழைக்காலம்தானே? இப்போ வெளியிலே மழை பெய்யறதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. காலை ஏழு மணியிலிருந்து நாங்கள் யாருமே வெளியே பார்க்கவில்லை. கை அலம்பப் போகிற சாக்கில் திரையை விலக்கிப் பார்த்தேன். மழை பெய்து ஓய்ந்து, தெரு நனைந்திருந்தது.

சங்கல்பம் என்றால் என்ன? இன்ன இடத்தில், இன்ன காலத்தில் இருந்துகொண்டு, இன்ன காரியத்தைச் செய்கிறேன் என்று நிதானமாகச் சொல்லிக்கொள்வது. தேசம், வருஷம், அயனம், ருது, மாதம், பக்ஷம், திதி, வாரம், நட்சத்திரம் எல்லாம் அதில் வந்துவிடுகிறது. தான் எங்கே நிற்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு கர்மாவையும் தொடங்காதே என்று பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள். நாம் அதை பின்கோடு சொல்வதுபோல ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். திதிக்குப் பஞ்சாங்கம் போதும். ருதுவைத் தெரிந்துகொள்ள வாசலைத் தாண்டித்தான் ஆகவேண்டும்.

என் ஊரை வைத்து இதை விளக்குகிறேன். எங்கள் கிராமம் தத்தமங்கலம். நிலம் பக்கத்தில் பெருமாட்டியில். 1970-இல் வந்த நிலச் சட்டத்துக்குப் பிறகு நிலம் போயிற்று. பெருமாட்டியில் ஒரு சின்ன வீடும், ஒரு கிணறும், சில தென்னைகளும் மிஞ்சின. ஓய்வு பெற்ற பிறகு நானும் என் மனைவியும் அங்கேதான் இருக்கிறோம்.

சஹ்யாத்திரி மலைத்தொடர் ஒரு சுவர்போல நீண்டு கிடக்கிறது. அதில் வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல். அதுதான் பாலக்காட்டுக் கணவாய். பெருமாட்டி அந்த வாசலின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்கள். வானிலையும் அப்படித்தான், பாதி கேரளம், பாதி தமிழ்நாடு.

ஆனி, ஆடி மாதங்களுக்கு சங்கல்பத்தில் க்ரீஷ்ம ருது என்கிறோம். தமிழில் முதுவேனில். ஆனால் கேரளத்தில் ஜூன் 1-ஆம் தேதியை ஒட்டி எடவப்பாதி தொடங்கிவிடும். க்ரீஷ்மம் என்று சொல்லும்போது தலைமேல் மழை கொட்டும்! வடக்கே மழை போய்ச் சேர ஜூன் கடைசி, ஜூலை ஆகிறது. அங்கே அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். சென்னையில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில், அதாவது சரத் ருதுவில். ஆஸ்திரேலியாவில் இருக்கும் நம் உறுப்பினர்களுக்கோ, நாம் வசந்தம் என்னும்போது அங்கே இலையுதிர்காலம். சாஸ்திரத்தைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ருதுவின் பெயர் எல்லோருக்கும் பொது. அந்த ருது நம் ஊரில் எப்படி இருக்கிறது என்பதை அவரவர் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதைப் பார்க்கும் வயது குழந்தைப் பருவம்.

இங்கே என் தவறையும் சொல்லிவிட வேண்டும். என் இரண்டு குழந்தைகளும் மும்பையில் ஒரு ஃபிளாட்டில் வளர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பாட்டு வகுப்பு, டியூஷன், கொஞ்சம் டி.வி. வருஷம் தவறாமல் ஊருக்கு அழைத்துப் போனேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். எப்போது? மே மாதம் 20 நாட்கள். பாலக்காட்டு மே மாதம் உங்களுக்குத் தெரியும். 2024 ஏப்ரலில் அங்கே வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. அன்றைக்கும் இவ்வளவு இல்லாவிட்டாலும் வெயில் வெயில்தான். குழந்தைகள் ஃபேனுக்கு அடியில் படுத்திருந்துவிட்டு ரயில் ஏறினார்கள். மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகு ஒரு நாள், ஊர் வீட்டை வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா என்று பேச்சு வந்தது. அவள் சாதாரணமாகச் சொன்னாள்: "எனக்கு ஊர்னா வெயிலும் கரண்ட் கட்டும்தான் அப்பா ஞாபகம் வரது. வித்துடுங்கோளேன்."

எனக்குக் கோபம் வந்தது. ராத்திரி யோசித்தபோது அவள் சொன்னதில் தப்பே இல்லை என்று தெரிந்தது. ஆறு ருதுக்களில் மிகவும் கடுமையான ஒன்றை மட்டும், அதையும் வீட்டுக்குள்ளிருந்து, வருஷா வருஷம் காட்டினேன். மற்ற ஐந்தையும் நான் பார்த்து வளர்ந்தேன். அவளுக்குக் காட்டவில்லை. பார்க்காத ஊர் மேல் பாசம் எங்கிருந்து வரும்?

அதனால் பேரன் விஷயத்தில் ஒரு திட்டம் போட்டோம். ஒரே தடவையாக 20 நாட்கள் வருவதற்குப் பதில், வருஷத்தில் ஐந்தாறு தடவை மூன்று நான்கு நாட்களாக வருகிறார்கள். பெங்களூரிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம்தான். அவன் பார்த்ததைச் சொல்கிறேன்.

சித்திரை, வைகாசி. விஷுவுக்குக் கொன்றை பூத்திருக்கும். காலை ஆறு மணிக்குக் கிளம்பி எட்டரைக்குள் வீடு திரும்பிவிடுவோம். மறுபடி வெளியே வருவது ஐந்து மணிக்கு மேல். உச்சி வெயிலில் வெளிவேலை செய்ய வேண்டாம் என்று கேரள அரசே கோடையில் தொழிலாளர்களுக்கு வேலை நேரத்தை மாற்றுகிறது. குழந்தைகளுக்கும் அதே நியாயம். பனைமரத்தடியில் நுங்கு வெட்டும்போது பக்கத்தில் நின்று சாப்பிடுவது இந்த ருதுவின் சுகம். அடுத்த ஊரான முதலமடை மாம்பழத்துக்குப் பேர்போனது.

ஆனி, ஆடி. மேற்கிலிருந்து மேகங்கள் கணவாய் வழியாகக் கூட்டமாகப் போவதைத் திண்ணையிலிருந்தே பார்க்கலாம். மழையில் பெரும்பகுதியை வழியிலேயே இறக்கிவிட்டு வருவதால் எங்கள் பக்கம் பாலக்காட்டின் மேற்குப் பகுதி அளவு பெய்யாது. ஆனால் காற்று உண்டு. கொல்லங்கோட்டுப் பக்கம் போனால் நெல்லியாம்பதி மலைச் சரிவில் அருவிகள் வெள்ளைக் கோடுகளாகத் தொங்கும். திருவாதிரை ஞாற்றுவேலை வரும் சமயமும் இதுதான். சூரியன் ஒவ்வொரு நட்சத்திரத்திலும் இருக்கும் ஏறக்குறைய 14 நாட்களை ஒரு ஞாற்றுவேலை என்று மலையாளக் கரையில் விவசாயிகள் கணக்கு வைத்திருக்கிறார்கள். வருஷத்துக்கு 27. ஜூன் கடைசியில் வரும் திருவாதிரையில் எதை நட்டாலும் பிடிக்கும் என்பார்கள். பேரன் ஒரு மிளகுக் கொடியை நட்டான். இப்போது ஒவ்வொரு தடவை வரும்போதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறான்.

ஆவணி, புரட்டாசி. ஓணத்துக்குப் பூப் பறிக்கப் போவது. தும்பைப்பூ எவ்வளவு சின்னது என்று ஒரு கூடை பறிக்கப் போன பிறகுதான் குழந்தைக்குத் தெரியும். வயல் வரப்பில் தும்பிகள் பறக்கும்.

ஐப்பசி, கார்த்திகை. துலாவர்ஷம். காலையில் பளிச்சென்று இருக்கும், மத்தியானத்துக்கு மேல் இடி மின்னலோடு கொட்டும். ஆகவே காலையில் வெளியே, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் உள்ளே. இந்த ஒழுங்கில் சமரசமே கிடையாது. இடி இடிக்கும்போது மரத்தடியிலும் திறந்த வயலிலும் நிற்கக் கூடாது என்பதும் பாடம்தான். கல்பாத்தித் தேர் இந்த ருதுவில் வருவதால் நம் குழந்தைகள் பலர் இதை மட்டும் கொஞ்சம் பார்த்திருக்கிறார்கள்.

மார்கழி, தை. விருச்சிகத்தில் தொடங்கிய கிழக்குக் காற்று இப்போது பலமாக வீசும். வாயில் மணல், தலையெல்லாம் புழுதி. பட்டம் விட இதைவிட நல்ல காலம் கிடையாது. ராத்திரி வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும். போர்வையைப் போர்த்திக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவோம். நாம் தினமும் நட்சத்திரம் சொல்கிறோம், ஜாதகத்தில் எழுதுகிறோம், அர்ச்சனைக்குக் கொடுக்கிறோம். எத்தனை பேர் நம் ஜன்ம நட்சத்திரத்தை வானத்தில் பார்த்திருக்கிறோம்? தை மாதத்தில் இரவு எட்டு மணிக்கு நிமிர்ந்து பார்த்தால் கார்த்திகை ஒரு சின்னக் கொத்தாகத் தெரியும். அதற்குக் கிழக்கே செம்மஞ்சளாக ரோஹிணி. இன்னும் கிழக்கே மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்தால், அதன் பக்கத்திலேயே மிருகசீரிஷமும் சிவப்பாக மின்னும் திருவாதிரையும். நான்கும் ஒரே பார்வையில். என் மனைவிக்கு ரோஹிணி. அறுபத்தைந்தாவது வயதில் பேரன் விரலை நீட்டிக் காட்டித்தான் அவள் தன் நட்சத்திரத்தை முதல் தடவை பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மாசி, பங்குனி. இலைகள் உதிரும், வயல் காயும், தூரத்தில் இலவமரம் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும். சித்தூரில் கொங்கன் படைத் திருவிழா. கிணற்றில் நீர் இறங்கத் தொடங்கும்.

அந்தக் கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பேரன் ஒவ்வொரு வருகையிலும் வாளியை இறக்கி, தண்ணீரைத் தொடும் வரை எத்தனை முழம் கயிறு போகிறது என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதி வைக்கிறான். இது விளையாட்டாகத் தோன்றலாம். எங்கள் பெருமாட்டி பஞ்சாயத்தைச் சேர்ந்ததுதான் பிளாச்சிமடை. 2000-இல் அங்கே கோக்கோ-கோலா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. கொஞ்ச காலத்தில், கிணற்று நீர் இறங்குகிறது, ருசி மாறுகிறது, சமைத்தால் சோறு சரியில்லை என்று சுற்றியிருந்த ஆதிவாசிக் குடும்பங்களின் பெண்கள் சொல்லத் தொடங்கினார்கள். 2002 ஏப்ரல் 22-ஆம் தேதி போராட்டம் ஆரம்பமாயிற்று. மயிலம்மா என்ற பெண்மணி அதன் முன்னணியில் நின்றார். 2003-இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. மயிலம்மா 2007 ஜனவரியில் காலமானார்.

இந்த விவகாரத்தின் சட்டப் பக்கத்துக்குள் நான் போகவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் என் மனதில் பதிந்தது. அந்தப் பெண்களிடம் கருவி எதுவும் இல்லை. தினமும் கிணற்றடியில் நின்றவர்கள், நேற்றைய தண்ணீரை அறிந்தவர்கள். ஆகவே இன்றைய மாற்றம் அவர்களுக்குத் தெரிந்தது. வருஷத்தில் 20 நாட்கள் வந்து போன எனக்கு அது தெரியவே இல்லை. பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ருதுக்களைப் பார்த்து வளர்ந்த குழந்தைக்குத்தான் ஏதோ ஒன்று மாறுவது கண்ணில் படும். கண்ணில் படாததை எந்தத் தலைமுறை காப்பாற்றும்?

"உங்களுக்குப் பெருமாட்டி இருக்கிறது, எங்களுக்கு எட்டாவது மாடிதானே" என்று சிலர் நினைப்பீர்கள். உண்மையில் என் திட்டத்தில் ஊருக்குப் போவது பாதிதான். மீதிப் பாதியைப் பேரன் பெங்களூரிலேயே செய்கிறான். தெருமுனையில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரத்துக்கு ஒரு தடவை அதைப் போய்ப் பார்க்கிறான். தளிரா, பூவா, காயா, எவ்வளவு இலை உதிர்ந்தது என்று எழுதுகிறான். கேரளத்துப் பள்ளிக் குழந்தைகள் பல ஆண்டுகளாக 'சீசன்வாட்ச்' என்ற திட்டத்தில் இதையே செய்து, இந்தியா முழுவதற்கும் பயன்படும் தகவலைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். உங்கள் குழந்தைகளும் சேரலாம். ஒரு மரம் போதும்.

உடம்புக்கும் இதில் நன்மை இருக்கிறது. என் மகள் எட்டு வயதில் கண்ணாடி போட்டாள். படிக்கிற குழந்தைக்குக் கண்ணாடி சகஜம் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளை சிங்கப்பூரிலும் சிட்னியிலும் ஒப்பிட்டார்கள். கிட்டப்பார்வை சிங்கப்பூரில் 29 சதவீதம், சிட்னியில் 3 சதவீதம். வாரத்தில் வெளியே இருந்த நேரம் சிங்கப்பூரில் சுமார் 3 மணி, சிட்னியில் சுமார் 14 மணி. பிறகு சீனாவின் குவாங்சோவில் 12 ஆரம்பப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடந்தது. பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிஷம் கூடுதலாகக் குழந்தைகளை வெளியே விட்டார்கள். மூன்று வருஷத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 40 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. முடிவு 2015-இல் வெளியாயிற்று. செலவில்லாத வைத்தியம்.

தாய்மார்கள் கேட்கும் கேள்விகள் எனக்குத் தெரியும். நனைந்தால் ஜுரம் வராதா? நனைந்த தலையைத் துவட்டி, உடை மாற்றி, சூடாக ஒரு மிளகு ரசம் கொடுங்கள். குளிர்தேசத்தில் இருப்பவர்கள் என்ன செய்வது? நார்வே, ஸ்வீடன் போன்ற நாடுகளில் கைக்குழந்தைகளையே தள்ளுவண்டியில் போர்த்தி வெளியே தூங்க வைக்கிறார்கள். உடைதான் விஷயம். பெண் குழந்தை கறுத்துவிடுவாளே என்று ஒரு பாட்டி கேட்டார். பாட்டி, கறுக்கட்டும். கண்ணும் காலும் திடமாக இருந்தால் போதும்.

எனக்குத் தெரிந்த விதிகள் மூன்றுதான். முதலாவது, வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நேரத்தை ஒதுக்கி, பரீட்சை வந்தாலும் அதை விடாமல் இருப்பது. இரண்டாவது, செல்ஃபோனைப் பெரியவர்கள் முதலில் வீட்டில் வைத்துவிட்டு வருவது. மூன்றாவது, பாடம் நடத்தாமல் இருப்பது. குழந்தை நின்றால் நாமும் நிற்க வேண்டும். எறும்பு வரிசையைப் பார்க்கக் கால் மணி ஆனால் ஆகட்டும்.

கடைசியாக, வரப்போகும் ஒரு தேதியைச் சொல்லி முடிக்கிறேன். இடுக்கி மாவட்டத்து மூணாறு மலைகளில் நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை மலை முழுக்கப் பூக்கிறது. 2006-இல் பூத்தது. என் மகள் அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், போகவில்லை. 2018-இல் பூத்தது. அந்த ஆகஸ்டில் கேரளமே வெள்ளத்தில் தத்தளித்தது, போக முடியவில்லை. அடுத்தது 2030-இல் எதிர்பார்க்கிறார்கள். இன்று மடியில் இருக்கும் குழந்தை அன்று மலை ஏறும். அதைத் தவறவிட்டால் 2042. எனக்கு அந்தக் கணக்கு கிடையாது.

சென்ற மாதம் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அப்பா, 2030-க்கு நாங்க எல்லாரும் வரோம். நீங்க கால் வலின்னு சாக்கு சொல்லக் கூடாது" என்றாள். பிறகு, போகிற போக்கில், "ஊர் வீட்டுலே ஓடு மாத்தணும்னேளே, எவ்வளவு ஆகும்?" என்று கேட்டாள். விற்பதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

அடுத்த ஆவணி அவிட்டத்துக்கு உட்காருவதற்கு முன்னால், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு ருதுவைச் சொல்லுங்கள். இவ்வளவுதான் என் வேண்டுகோள்.